அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா?

கணக்குப்பிள்ளையின் பயணப்பை - 9

கும்பகோணத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், மதியம் போகும் மெஸ்ஸில் இரண்டு வகை டோக்கன் இருக்கும். அளவுச் சாப்பாடு ஒன்று, முழுச் சாப்பாடு ஒன்று. அளவுச் சாப்பாட்டுக்காரர் பத்து நிமிடத்தில் கை கழுவிவிடுவார். முழுச் சாப்பாட்டுக்காரர் இரண்டாம் முறை சாம்பார், மூன்றாம் முறை ரசம் என்று இலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். பசி அடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும். ஆனாலும் கொடுத்த காசு இன்னும் அடங்கியிருக்காது. மோர் சாதத்துக்கு வரும்போது அவர் முகத்தைப் பார்த்தால், சாப்பிடுகிறவர் முகம் போலவே இருக்காது. கடன் வசூலிக்க வந்தவர் முகம் போல இருக்கும்.

2024 மே மாதம் பாரிஸில் நான்கு நாள் நான் அந்த முகத்தோடுதான் திரிந்தேன்.

போன வாரக் கட்டுரையில் எங்களை விமான நிலையத்திலிருந்து லா ஷப்பெல் வரை கொண்டுவந்து விட்டிருந்தேன். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தெருவுக்குத் தெரு தமிழில் பெயர்ப் பலகை தொங்கும் பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக அங்கே இருக்கும் தம்பி ஒருவர் வீட்டில் தங்கினோம். நான், மனைவி, பதினாறு வயது மகள். முதல் நாள் இரவு பிட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டு முடித்த கையோடு, நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். வாங்கலாமா, வேண்டாமா என்று ஊரிலிருந்தே மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி ஒன்று இருந்தது: பாரிஸ் மியூசியம் பாஸ்.

பதினைந்து யூரோ தூண்டில்

பாரிஸிலும் அதைச் சுற்றியும் உள்ள ஐம்பதுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் ஒரே சீட்டு. அதுதான் இந்தப் பாஸ். லூவர் உண்டு, ஓர்சே உண்டு, வெர்சாய் அரண்மனை உண்டு. ஈபிள் கோபுரம் கிடையாது. பாரிஸ் என்றதும் நம் மனதில் வந்து நிற்கும் முதல் கட்டடமே இதில் சேராது என்பதைப் பலர் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள்.

நாங்கள் போயிருந்த 2024இல் விலை இப்படி இருந்தது: 48 மணி நேரத்துக்கு 62 யூரோ, 96 மணி நேரத்துக்கு 77, 144 மணி நேரத்துக்கு 92. அப்போது ஒரு யூரோ ஏறத்தாழ 90 ரூபாய்.

இந்த மூன்று எண்களையும் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். முதல் இரண்டு நாளுக்கு 62. அடுத்த இரண்டு நாளுக்குக் கூடுதலாக வெறும் 15. அதற்கடுத்த இரண்டு நாளுக்கும் வெறும் 15. நாள் கணக்கில் வகுத்தால் 31, பத்தொன்பதே கால், பதினைந்து சொச்சம் என்று இறங்கிக்கொண்டே போகிறது. வெற்றி வளைவின் மேலே ஏற ஒரு தடவைக்கு அப்போது 16 யூரோ. அதைவிடக் குறைந்த காசில் இரண்டு முழு நாள்! இரண்டு நாள் பாஸ் போதும் என்று கவுன்டருக்குப் போகிறவர் நான்கு நாள் பாஸோடு திரும்புவது இதனால்தான். ஒரு புடவை எடுக்கப் போய், 'இரண்டு எடுத்தால் தள்ளுபடி' பார்த்துவிட்டு மூன்றோடு வீடு திரும்பும் ஆடித் தள்ளுபடி வித்தை. விலை வைத்தவருக்கு நம் மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நானும் விழுந்தேன். நான்கு நாள் பாஸ் என்று வைத்துக்கொண்டு நோட்டில் பட்டியல் போட்டேன். லூவர் 22 யூரோ. ஓர்சே 16. மோனேயின் அல்லி ஓவியங்கள் இருக்கும் ஒரான்ஜெரி பன்னிரண்டரை. வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்குப் பேர்போன சாந்த் ஷப்பெல் தேவாலயம் 13. வெர்சாய் அரண்மனை 21. வெற்றி வளைவு 16. கூட்டினால் நூறரை யூரோ. பாஸ் 77. ஆளுக்கு இருபத்து மூன்றரை யூரோ மிச்சம். இரண்டு பேருக்கு 47 யூரோ, நம் காசில் 4,230 ரூபாய்.

மகள் பதினெட்டு வயதுக்குக் கீழே. பிரான்ஸின் தேசிய அருங்காட்சியகங்களில் எந்த நாட்டுப் பிள்ளையானாலும் பதினெட்டு வயது வரை நுழைவு இலவசம். கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். ஆகவே அவளுக்குப் பாஸ் வாங்குவது தண்டம். இது தெரியாமல் குடும்பம் மொத்தத்துக்கும் வாங்கி வைப்பவர்கள் உண்டு.

கணக்கைத் தம்பியிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே படித்தார்.

"கணக்கு சரி அண்ணை. ஆனா நான் ஒண்டு சொல்லட்டோ? ஒரு நாளைக்கு ரெண்டு இடம்தான். மூண்டாவது இடத்தில நீங்கள் படம் பாக்க மாட்டியள். கதிரைதான் தேடுவியள்."

"கதிரைன்னா?" என்று மகள் என் காதில் கேட்டாள்.

"நாற்காலி."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கணக்கு சரியாக இருக்கும்போது குறுக்கே பேசுகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்காது. மறுநாள் காலையில் இரண்டு பாஸ் வாங்கினேன்.

சிறப்பு தரிசனம்

பாஸ் வாங்குவோரில் பலர் காசை மிச்சம் பிடிக்க வாங்குவதில்லை, வரிசையில் நிற்காமல் இருக்கவே வாங்குகிறார்கள். நமக்கு இது புதிதில்லை. தர்ம தரிசனக் கூட்டத்தைப் பார்த்ததும் சட்டைப்பையில் கை போகும் ஜாதிதானே நாம். ஆனால் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியவருக்குத் தெரியும், அர்த்த மண்டபத்துக்குப் பக்கத்தில் எல்லா வரிசையும் ஒன்றாகக் கலந்துவிடும் என்பது.

பாரிஸிலும் அதே கதை. பாஸ் நம்மைத் தப்பிக்க வைப்பது டிக்கெட் கவுன்டர் வரிசையிலிருந்து மட்டுமே. பை சோதனை வரிசையிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. சாந்த் ஷப்பெல் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால், அங்கே சோதனைதான் பெரிய வரிசை.

இன்னொன்று, பாஸ் பற்றிய பழைய புகழுரைகளில் இல்லாதது: நேர முன்பதிவு. லூவரில் ஒரு நாளைக்கு 30,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்று வைத்திருக்கிறார்கள். அதனால் பாஸ் கையில் இருந்தாலும் இன்ன நாள், இன்ன நேரம் என்று தனியாக இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இலவசமாகப் போகும் பிள்ளைக்கும் பதிவு வேண்டும். வெர்சாய், சாந்த் ஷப்பெல், ஒரான்ஜெரி எல்லாவற்றுக்கும் அப்படியே. பதிவுக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் பதிவு இல்லாத பாஸ் நல்ல கூட்ட நாளில் வெறும் காகிதம்.

நினைத்த நேரத்தில் நினைத்த வாசலில் நுழையலாம் என்பதுதான் பாஸின் மூல வாக்குறுதி. பெரிய இடங்களில் முன்பதிவு அந்த வாக்குறுதியைத் தின்றுவிட்டது. சின்ன இடங்களில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இதை நான் நான்காம் நாள்தான் புரிந்துகொண்டேன்.

கல்லில் எழுதிய கட்டணம்

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு லூவர். ஏறத்தாழ 35,000 பொருட்கள் காட்சிக்கு இருக்கும் இடம். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் என்றாலும், தூங்காமல் சாப்பிடாமல் பன்னிரண்டு நாள் வேண்டும். இதுவும் நான் வாசலிலேயே போட்ட கணக்குதான்.

எல்லோரும் போகும் திசையில் நாங்களும் போனோம். மோனலிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். நம் வீட்டுச் சாமி படம் அளவு. முன்னே நூறு கைபேசிகள். எதிர்ச் சுவரில் வெரொனேசே வரைந்த கானாவூர்க் கல்யாணம், கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், லூவரிலேயே பெரிய ஓவியம். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கல்யாண வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். என் மகள் மட்டும் திரும்பி நின்று, பந்தியில் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்தாள்.

எனக்குப் பிடித்தது வேறு. ரிஷெலியூ பகுதியின் தரைத்தளத்தில், ஆள் உயரத்தைத் தாண்டிய கறுப்புக் கல் ஒன்று. பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டக் கல். கி.மு. 18ஆம் நூற்றாண்டு. மேலே மன்னரும் தெய்வமும், கீழே நெருக்கமாக வரி வரியாக ஆப்பெழுத்து. கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்ற பகுதிதான் இதில் பிரபலம். கணக்கு எழுதிப் பிழைத்த எனக்கு அதில் உள்ள விலைப்பட்டியல்தான் பிரபலம். படகு வாடகை எவ்வளவு, வீடு கட்டிக் கொடுத்தால் கூலி எவ்வளவு என்றெல்லாம் அதில் உண்டு. அறுவை வைத்தியம் செய்து உயிரைக் காப்பாற்றினால் வைத்தியருக்கு என்ன கொடுக்க வேண்டும்? நோயாளி உயர்குடி என்றால் பத்து ஷெக்கல் வெள்ளி. சாதாரணக் குடி என்றால் ஐந்து. அடிமை என்றால், அவன் எஜமானர் இரண்டு கொடுத்தால் போதும்.

ஒரே கத்தி, ஒரே வைத்தியர், மூன்று விலை. இந்தக் கல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். கட்டுரை முடிவதற்குள் திரும்ப வருகிறேன்.

நான்கு மணி நேரத்தில் வெளியே வந்தோம். பட்டியல்படி மாலையில் வெற்றி வளைவு. 284 படி. அடியில் நின்று என் மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்."

"பாஸ்ல சேர்ந்தது. காசு கிடையாது."

"என் முட்டி பாஸ்ல சேரலையே."

ஏறவில்லை. கீழிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். கீழிருந்து பார்க்க எல்லோருக்கும் இலவசம். நோட்டில் 16 யூரோவை அடித்தபோது எனக்கு லேசாக நெஞ்சு வலித்தது.

காரியக்காரர் நிற்கும் வயல்

வியாழன் ஓர்சே. 1900 உலகப் பொருட்காட்சிக்காகத் திறந்த ரயில் நிலையம் அது. ரயில்கள் நீண்டுகொண்டே போக, நடைமேடை குட்டையாகிப் போய், தொலைதூர ரயில்கள் நின்றுபோயின. இடிக்காமல் விட்டு வைத்ததை 1986இல் அருங்காட்சியகமாக்கினார்கள். உள்ளே நுழைந்ததும் வண்டி ஏதும் வரப்போகிறதோ என்று காது தானாகக் கூர்மையாகும்.

வான்கோ எல்லாம் ஐந்தாம் மாடியில். நான் மின்படிக்கட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணோம். தரைத்தளத்திலேயே ஒரு படத்தின் முன் நின்றுவிட்டிருந்தாள். மிலே 1857இல் வரைந்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்'. அறுப்பு முடிந்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து சிந்திய கதிரைப் பொறுக்குகிறார்கள். தூரத்தில் போர் போராகக் கதிர்க் குவியல்.

"இதோ, இந்த மூலையில பாருங்க" என்றாள். படத்தின் வலது பக்கம், வெகு தொலைவில், குதிரை மேல் ஒரு சின்ன உருவம். "இது காரியக்காரர். அறுப்பு அன்னிக்கு எங்க அப்பாயி ஊர்ல இப்படித்தான் வரப்புல ஒருத்தர் நிப்பார். குதிரை இல்ல, குடை. பொறுக்குறவங்க அரிக்கட்டுல கை வச்சிடுறாங்களான்னு பார்க்கணுமில்ல."

ஓவியம் தெரிந்தவர்கள் அந்தக் குதிரைக்காரரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நெல் வயலில் வளர்ந்தவள் அரை நொடியில் ஆளை அடையாளம் கண்டுவிட்டாள். அதன் முன் அரை மணி நேரம் நின்றோம். என் பட்டியலில் அந்தப் படத்துக்கு இடமே இல்லை. அரை மணி நேரத்தில் ஒரான்ஜெரிக்கு வாங்கியிருந்த நேரம் நெருங்கிவிட்டது. வான்கோவை நாங்கள் நடந்துகொண்டேதான் பார்த்தோம். 'ரோன் நதி மேல் நட்சத்திர இரவு' படத்தின் முன் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. படம் அவ்வளவாக நினைவில்லை.

ஒரான்ஜெரியில் இரண்டு முட்டை வடிவக் கூடங்கள். சுவர் முழுக்க வளைந்து ஓடும் எட்டு அல்லிக் குளங்கள். முதல் உலகப் போர் நின்றவுடன் மோனே நாட்டுக்குத் தருவதாகச் சொன்ன பரிசு. 1926இல் அவர் இறந்தார், 1927இல்தான் கூடம் திறந்தது. தம்பி சொன்ன கதிரை நடுவில் இருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். இருபது நிமிடம் கழித்து எழுந்தேன். மகள் எழவில்லை. ஒரு மணி நேரம், வெளிச்சம் மேகத்துக்குள் போய்ப் போய் வருவதையும் தண்ணீரின் நிறம் கூடவே மாறுவதையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டிக்கெட்டும் இல்லை, பாஸும் இல்லை. அவள் தலையில் எந்தக் கணக்கும் ஓடவில்லை. எங்கள் மூவரில் பாரிஸை அதிகம் பார்த்தவள் அவள்தான்.

தோல்வியும் அவசர சமாதானமும்

வெள்ளிக்கிழமை வெர்சாய். ரயிலில் போய்த் திரும்ப, ஒரு நாள் முழுதும் போய்விடும். 357 கண்ணாடிகள் பதித்த கூடத்தில் எங்கள் முகம் எங்களுக்குத் தெரியவில்லை, முன்னால் நின்றவர்களின் பின்மண்டைதான் தெரிந்தது. அரண்மனை திங்கள் விடுமுறை. லூவர் செவ்வாய் விடுமுறை. லூவரில் இடமில்லாத கூட்டம் செவ்வாய்க்கிழமை வெர்சாயில் இறங்கும் என்று தம்பி எச்சரித்திருந்ததால் அந்த நாளைத் தவிர்த்தோம். இசை நீரூற்று நடக்கும் நாட்களில் தோட்டத்துக்குத் தனிக் கட்டணம், பாஸ் செல்லாது. இதையும் குறித்து வையுங்கள்.

அன்றிரவு படுக்கையில் சாய்ந்துகொண்டு சனிக்கிழமைக்குச் சாந்த் ஷப்பெல் நேரம் பதிவு செய்யக் கைபேசியைத் திறந்தேன். நாள் முழுதும் இடமில்லை. யார் மேலும் குற்றமில்லை, முழுக்க என் சோம்பல். 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிச் சன்னல் பதினைந்தும் எனக்கு இல்லை என்று ஆயிற்று.

நோட்டைத் திறந்தேன். லூவர் 22, ஓர்சே 16, ஒரான்ஜெரி பன்னிரண்டரை, வெர்சாய் 21. மொத்தம் எழுபத்தொன்றரை. பாஸ் 77. ஆளுக்கு ஐந்தரை யூரோ நஷ்டம்!

அப்புறம் நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. சனிக்கிழமை மாலை, மூடுவதற்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது, இருவரையும் இழுத்துக்கொண்டு பாந்தெயோனுக்கு ஓடினேன். அங்கே டிக்கெட் 13 யூரோ. அதைச் சேர்த்தால் எண்பத்து நாலரை. நஷ்டம் ஏழரை யூரோ லாபமாக மாறிவிடும். வோல்தேர், ரூசோ, விக்தோர் யூகோ, எமில் சோலா, மேரி க்யூரி எல்லோரும் உறங்கும் இடம். பூமி சுற்றுவதைக் கண்ணுக்குக் காட்ட 1851இல் ஃபூக்கோ ஊசல் கட்டித் தொங்கவிட்ட இடம். ஊசல் ஆடியது, பார்த்தேன். அது தவிர வேறெதுவும் நினைவில்லை. மெஸ்ஸில் மூன்றாம் முறை ரசம் வாங்கியவரின் முகம் அப்போது எனக்கு இருந்திருக்கும்.

நடராஜர் உடுத்தியிராத நாள்

ஆனால் அதே சனிக்கிழமை காலையில் வேறொன்று நடந்தது. சாந்த் ஷப்பெல் கைவிட்டுப்போனதால் நேரம் காலியாகக் கிடந்தது. பாஸ் கையேட்டைப் புரட்டிய மகள், "கிமே போகலாமா அப்பா? ஆசியக் கலைன்னு போட்டிருக்கு" என்றாள். முன்பதிவு தேவையில்லை. லியோன் நகரத் தொழிலதிபர் எமில் கிமே சேர்த்த சேகரிப்பு, 1889இல் பாரிஸுக்கு வந்தது. சும்மா அரை மணி நேரம் எட்டிப் பார்ப்போம் என்று போனோம்.

கூடத்தின் நடுவே சோழர் காலத்து நடராஜர் நின்றார். 11ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி.

நாங்கள் காவிரிக் கரைக்காரர்கள். உற்சவரைக் குழந்தையிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். என்ன பார்த்திருக்கிறோம்? பட்டு, மாலை, கவசம், அதற்கு நடுவே தீபாராதனை வெளிச்சத்தில் ஒரு முகம். இங்கே பட்டில்லை, பூவில்லை, திரையில்லை. தூக்கிய பாதத்தின் அடிப்பகுதி, விரிந்த சடையின் முதுகுப்புறம், முயலகனின் விரல், எல்லாம் கண் முன்னால். சுற்றி வரலாம். பின்பக்கம் போய் நின்றேன். அறுபது வயதில் முதல்முறையாக நடராஜரின் முதுகைப் பார்த்தேன். மனைவி மட்டும் சுற்றாமல் முன்னாலேயே நின்றாள். "வெறுமையா இருக்காரே" என்றாள். அது குறையா, வியப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அரை மணி நேரம் இரண்டு மணி நேரமாயிற்று.

டிக்கெட் வாங்கித்தான் போக வேண்டும் என்றிருந்தால் கிமேக்குப் போயிருப்பேனா? சத்தியமாக மாட்டேன். நம் ஊர்ச் சாமியைப் பார்க்க யூரோ கொடுப்பதா என்று வீம்பு பேசியிருப்பேன். பாஸ் அந்த வீம்பை உடைத்தது.

உண்மையான பேரேடு

ஊருக்கு வந்தபின் கணக்கைத் திரும்ப எழுதினேன், இம்முறை நேர்மையாக. பாஸ் லாபமா என்று பார்க்க ஒரே ஒரு விதிதான் உண்டு. பாஸ் இல்லாவிட்டாலும் காசு கொடுத்துப் போயிருப்போம் என்ற இடங்களை மட்டும் கூட்ட வேண்டும். பாந்தெயோன் அதில் வராது, கணக்கைச் சரிக்கட்டப் போனது அது. கிமேயும் வராது. ஆக, ஆளுக்கு ஐந்தரை யூரோ நஷ்டம்தான், இரண்டு பேருக்கும் சேர்த்து 990 ரூபாய். அந்த 990 ரூபாய்க்கு நடராஜரின் முதுகு. போகட்டும், நல்ல பேரம்.

பாஸால் எனக்குக் காசு மிஞ்சவில்லை. கிடைத்ததெல்லாம் அலட்சியமாக ஒரு வாசலில் நுழையும் உரிமை. அதை நான் மூன்று நாள் பயன்படுத்தவே இல்லை. டிக்கெட் வாங்கியவன் ஒரே இடத்தில் நின்று காசை வசூலிக்கிறான். பாஸ் வாங்கியவன் இடம் இடமாக ஓடி வசூலிக்கிறான். வசூலை மறந்தவனுக்குத்தான் பாஸ் பயன்படும்.

வாங்கலாமா, வேண்டாமா என்ற பதில் மட்டும்தான் உங்களுக்கு வேண்டும் என்றால், சுருக்கமாகச் சொல்கிறேன்.

உங்கள் பட்டியலில் நீங்கள் போயே தீர வேண்டிய இடங்கள் நான்குக்குக் கீழே என்றால் தனித்தனி டிக்கெட் போதும். பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்காதீர்கள். முழங்காலையும் ஒரு பயணியாகக் கணக்கில் சேர்த்து, ஒரு நாளுக்கு இரண்டு இடம் என்று மட்டும் பெருக்குங்கள். அப்படிப் பெருக்கியும் பாஸ் விலையைத் தாண்டினால் வாங்கலாம். முதலில் லூவர், சாந்த் ஷப்பெல், வெர்சாய் நேரங்களைப் பாருங்கள். அவை கிடைத்தபின் பாஸ் வாங்குங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள்.

பாஸ் முதல் வாசலில் காட்டிய மணியிலிருந்து ஓடத் தொடங்கும், இடையில் நிற்காது. காலை ஒன்பதுக்குத் தொடங்கிய எங்கள் 96 மணி நேரம் நான்கு பகலில் முடிந்தது. அதையே மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கியிருந்தால் ஐந்தாம் நாள் மதியம் வரை நீண்டிருக்கும். மொத்த மணி அதேதான், ஆனால் ஐந்து பகலுக்குப் பரவியிருக்கும். ஒரே இடத்துக்கு இரண்டாம் தடவை விடமாட்டார்கள் என்பதால், சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று லூவரை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள்.

கையில் காசே இல்லையா? அதற்கும் வழி உண்டு. நாங்கள் கிளம்புவதற்கு முன் தம்பி எங்களைக் கார்னவலே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். பாரிஸ் நகராட்சியின் அருங்காட்சியகங்களில் பலவற்றின் நிரந்தரக் காட்சி எந்நாளும் இலவசம். எழுத்தறியாதவர்களுக்காகச் சாவி, பூனை, கத்தரிக்கோல் என்று இரும்பிலும் மரத்திலும் செய்து தொங்கவிட்ட பழைய கடைப் பலகைகள் ஒரு கூடம் நிறைய இருந்தன. பெத்தி பலேயும் அப்படியே. ஓர்சே மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்.

"நான் முப்பது வருசமா முதல் ஞாயிறுதான் அண்ணை" என்றார் தம்பி. "ஒரு ஞாயிறுக்கு ஒரு இடம். மற்ற ஞாயிறு வேலை." உணவகச் சமையலறையில் வேலை பார்ப்பவர். அவருடையது அளவுச் சாப்பாடு. ஆனால் முப்பது வருடத்தில் அவர் பார்த்ததை, எந்தப் பாஸ்காரரும் பார்த்திருக்க மாட்டார்.

மறுபடி அந்தக் கல்

மேலே சொன்ன விலையெல்லாம் 2024இல் இருந்தவை. அதன் பிறகு பல ஏறிவிட்டன. நீங்கள் கிளம்பும்போது புது விலையை வைத்து அதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாற்றம் மட்டும் முக்கியம். 2026 ஜனவரி 14 முதல், ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு லூவர் நுழைவு 32 யூரோ. வேறு சில பெரிய இடங்களிலும் இப்படி இரட்டை விலை வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரருக்கு ஒரு விலை, கும்பகோணத்துக்காரருக்கு இன்னொரு விலை.

செய்தியைப் படித்ததும் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மாமல்லபுரம் ஞாபகம் வந்தது. கடற்கரைக் கோயில் டிக்கெட் நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டுக்காரருக்கு 600. பதினைந்து மடங்கு. வெள்ளைக்காரர் ஒருவர் கவுன்டரில் பலகையை இரண்டு முறை படித்துவிட்டுப் பேசாமல் பணத்தை எடுப்பதை வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை.

மகளிடம் சொன்னேன். பிளஸ் டூவுக்குப் படித்துக்கொண்டிருந்தவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அந்தக் கறுப்புக் கல்லுலயே எழுதியிருக்கே அப்பா. ஆளைப் பார்த்துத்தான் விலை. அதைப் பார்க்க உள்ள போறதுக்கும் இப்ப அதே விதி."

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் எழுதுவது, வரவா செலவா என்பதுதான் தெரியவில்லை.

*(அடுத்த வாரம்: திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும் பாரிஸ் வாரச் சீட்டை, ஒரு வியாழக்கிழமை வாங்கிய புத்திசாலியின் கதை.)*